ஏழாவது பக்கம்

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் லண்டனில், ஒரு தேவாலயத்தின் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி ஷூவைக் கழற்றச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

2023 ஜூன் மாதம். வெஸ்ட்மின்ஸ்டர் அபே. மே 6-ஆம் தேதி மன்னர் சார்ல்ஸ் முடிசூடிக்கொண்டபோது அந்தப் பழைய மர நாற்காலியைப் போட்டிருந்தார்களே, அந்தத் தரை. விழா முடிந்த பிறகு சில வாரங்களுக்கு மட்டும், பத்துப் பத்துப் பேராக, சாக்ஸ் காலோடு அதன் மேல் நடந்து பார்க்க அனுமதித்தார்கள். மகள் டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, "அப்பா, வந்து பாருங்க, உங்க வேலைதான்" என்று மட்டும் சொன்னாள்.

என் வேலை தரை. மதுரையில் முப்பத்தோரு வருடம் மொசைக் தரை போட்டேன். அப்பா மேஸ்திரி. அண்ணனும் நானும் அவரிடம் சித்தாள் வேலையில் ஆரம்பித்து, சிப்ஸ் அலசி, வெள்ளை சிமெண்டில் கலர்ப் பொடி கலந்து, கண்ணாடிப் பட்டை நட்டு, மெஷின் பிடித்து அரைத்துக் கற்றுக்கொண்டவர்கள். பிறகு ரெடிமேட் டைல்ஸ் வந்து மொசைக்கைக் கேட்பார் இல்லாமல் போனது. நானும் ஓய்வுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் கீழேதான் போகும்.

அன்றைக்குக் கண்ணை முந்திக்கொண்டு கால் போனது. இரண்டு அடி வைத்ததுமே உள்ளங்கால் சொல்லிவிட்டது, மட்டம் ஒன்றுபோல் இல்லை என்று. ஒரு இடத்தில் மெல்லக் குழிந்து, அடுத்த இடத்தில் நகக்கண் அளவு மேடு. ரசமட்டம் வைத்தால் குமிழ் நடுவில் நிற்கவே நிற்காது. குனிந்து பார்த்ததும் காரணம் புரிந்தது. மேட்டில் இருப்பது போர்ஃபிரி என்ற கருஞ்சிவப்புக் கல். உளிக்கும் ரம்பத்துக்கும் லேசில் மசியாத கல். அதைச் சுற்றிச் சட்டம் மாதிரி ஓடுவது பர்பெக் மார்பிள். பெயர்தான் மார்பிள். உண்மையில் அது இங்கிலாந்தின் தென்கடலோரத்தில், டார்செட்டில் எடுக்கிற சுண்ணாம்புக் கல். மெருகு ஏறும், ஆனால் தேய்மானம் தாங்காது. உற்றுப் பார்த்தால் அதற்குள் நத்தை ஓடுகள் தெரியும். ஏதோ ஒரு காலத்து நன்னீர் நத்தைகள் இறுகிக் கல்லானது அது. 750 வருடக் கால்கள் நடந்ததில் மென்கல் இறங்கிவிட்டது, வன்கல் நின்றுவிட்டது. அந்த மேடுபள்ளத்தை நான் குறை என்று சொல்ல மாட்டேன்.

அளவு 24 அடி 10 அங்குலம், நாலு பக்கமும். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன், 617 சதுர அடி வரும். நடுத்தரக் குடும்பத்தின் ஒரு வீடு அளவு. என் ஆட்களை வைத்து மொசைக் ஊற்றினால் மூன்று நாளில் ஊற்றி, தண்ணீர் கட்டி ஆறவிட்டு, மூன்று அரைப்பு அரைத்து, பாலிஷ் போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் இது ஊற்றுகிற தரை அல்ல. முக்கோணம், சதுரம், சாய்சதுரம், அறுகோணம், கண் வடிவம் என்று ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாக வெட்டி, பக்கத்துச் சில்லோடு இழைத்துப் பொருத்திய வேலை. சில சில்லுகள் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னவை. கற்களுக்கு நடுவே சிவப்பு, நீலம், பச்சைநீலக் கண்ணாடித் துண்டுகளும் உண்டு. தரையில் கண்ணாடி பதிப்பது பெரிய துணிச்சல். கீறல் விழும், விளிம்பு உடையும். தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

இந்த வேலைப்பாட்டுக்குக் கோஸ்மாட்டி என்று பெயர். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ரோமில் இந்தத் தொழிலைச் செய்த குடும்பங்களில் கோஸ்மா என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவதால் அப்படி ஆகிவிட்டது. லொரென்சோ, அவர் மகன் யாக்கோபோ, அவர் மகன் கோஸ்மா, கோஸ்மாவின் மகன்கள் லூக்காவும் இன்னொரு யாக்கோபோவும் என்று நாலு தலைமுறை தெரிகிறது. ரோமுக்குத் தெற்கே அனாக்னி என்ற ஊரின் பேராலயத்தில், நிலவறைத் தரையில் கோஸ்மாவும் இரண்டு மகன்களும் சேர்ந்து தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ஆண்டு 1231. ஒரு மேஸ்திரியும் இரண்டு பையன்களும். அதைக் கேட்டபோது எனக்கு அப்பாவும் அண்ணனும் கண்ணுக்குள் வந்து போனார்கள்.

இந்தத் தரை லண்டனுக்கு எப்படி வந்தது? 1258-இல் ரிச்சர்ட் வேர் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரின் மடாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவிக்குப் போப்பின் ஒப்புதல் வேண்டும். அதற்காக இத்தாலி போனார். போப்பின் அரண்மனை அனாக்னியிலும் இருந்தது, அங்கே இந்தத் தரைகளைப் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரம் இங்கே மூன்றாம் ஹென்றி மன்னர் பழைய ஆலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். வேலை தொடங்கியது 1245-இல். பீடத்துக்கு முன்னால் என்ன போடுவது என்ற கேள்விக்கு விடையாக, ரோமிலிருந்து கல்லும் வந்தது, கைத்திறனும் வந்தது. 1268-இல் தரை முடிந்தது. அடுத்த வருடம் அக்டோபரில் ஆலயத்தை அர்ச்சித்தார்கள்.

இதெல்லாம் வழிகாட்டி சொன்னதும் பிறகு நான் படித்ததும் கலந்தது. என்னை அன்றைக்குப் பிடித்து நிறுத்தியது வேறு.

முதல் அடி வைக்கும்போது கொஞ்சம் தயங்கினேன். தேவாலயத் தரை, பீடத்துக்கு முன்னால், இவ்வளவு அலங்காரம். இதில் ஏதாவது புனிதர் முகம் இருந்து, அதன் மேல் கால் பட்டுவிட்டால்? காகிதத்தை மிதித்தாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் தேடிப் பார்த்தேன். ஒரு முகம் இல்லை. ஒரு தேவதூதர் இல்லை. இயேசு இல்லை, மாதா இல்லை, ஒரு பூ, ஒரு பறவை கூட இல்லை. மொத்தமும் வட்டமும் கோணமும்தான்.

இந்தத் தயக்கம் எனக்கு மட்டும் வந்ததல்ல என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 427-ஆம் ஆண்டிலேயே இரண்டாம் தியோடோசியஸ் பேரரசர், சிலுவைக் குறியைத் தரையில் செதுக்கவோ வரையவோ கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார். எழுநூறு வருடம் கழித்தும் சண்டை தீரவில்லை. 1125 வாக்கில் கிளேர்வோவின் பெர்னார்ட் என்ற துறவி, மடங்களின் ஆடம்பரத்தைக் கண்டித்து எழுதிய கடிதத்தில் தரையையும் விட்டுவைக்கவில்லை. தேவதூதரின் முகத்தில் துப்புகிறார்கள், புனிதரின் முகத்தை வருகிறவன் போகிறவனெல்லாம் குதிகாலால் தேய்க்கிறான், நாளைக்கு அழுக்காகப் போவதை எதற்காக அழகாக்குகிறீர்கள் என்று கேட்கிறார். நியாயமான கோபம். சுவரில் வரைந்தால் அண்ணாந்து பார்ப்பார்கள், கூரையில் வரைந்தால் கும்பிடுவார்கள். தரையில் வரைந்தால் மிதிப்பார்கள். அதற்குத்தானே தரை.

அப்படியானால் தரையில் எதைச் சொல்வது? இதற்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விடை கண்டுபிடித்திருக்கிறது.

இத்தாலி வரைபடத்தில் பூட்ஸின் குதிகால் மாதிரி தெரிகிற இடத்தில் ஓத்ரான்தோ என்ற ஊர். அங்கே 1163 முதல் 1165 வரை பான்தலேயோனே என்ற துறவி பேராலயத் தரை முழுக்க ஒரு மரத்தைப் படர விட்டிருக்கிறார். அந்த மரத்தை அடியில் யானைகள் தாங்குகின்றன. கிளைகளில் ஆதாமும் ஏவாளும், நோவாவின் கப்பல், பாபேல் கோபுரம், பன்னிரண்டு மாதமும் அந்தந்த மாதத்து வேலையும் ராசியும், ஆகாயத்தில் ஏறிப் போகிற அலெக்சாண்டர், ஆட்டின் மேல் சவாரி செய்கிற ஆர்தர் ராஜா. பேராசைப்பட்ட ராஜாக்களையும் சரிந்த கோபுரத்தையும் மிதித்துக்கொண்டுதான் பீடத்துக்குப் போக வேண்டும். மிதிக்கப்படுவதற்கே ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது பாருங்கள்.

பிரான்சில் வேறு விதம். சார்த்ர் பேராலயத்தின் தரையில் 13 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு வட்டம். அதற்குள் 11 சுற்றாக மடங்கி மடங்கி ஒரே பாதை. குறுக்கே நடந்தால் சில நொடி. பாதை வழியாகப் போனால் 260 மீட்டருக்கு மேல். அதில் வழி தவற இடமே கிடையாது, பிரிகிற கிளை ஒன்றுமில்லை. நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது பாதை ஓரத்துக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். ஒசேர் என்ற ஊரிலும் இப்படி ஒரு சுருள்பாதை இருந்தது. ஈஸ்டர் சமயத்தில் குருமார்கள் கைகோத்து அதைச் சுற்றி ஆடி, ஒரு பந்தைக் கை மாற்றி எறிந்து, உயிர்த்தெழுந்த பாட்டைப் பாடுவார்களாம். 1538-இல் அதைத் தடை செய்துவிட்டார்கள். எனக்கு அந்தச் செய்தி படித்த நாள் முழுக்க வருத்தமாக இருந்தது. தரையைப் பார்க்கிற பொருளாக இல்லாமல் ஆடுகிற இடமாக வைத்திருந்த மனிதர்கள்.

வெஸ்ட்மின்ஸ்டர் கண்ட விடை கணக்கு. முகத்தை மிதித்தால் பாவம், எண்ணை மிதித்தால் பாவமில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் எண்ணிலும் வடிவத்திலும் சொல்லிவிட்டார்கள். இந்தத் தரையைப் பற்றி நான் கடைசியாக வந்து சேர்ந்த எண்ணம் இதுதான்.

அமைப்பு இப்படி. வெளியே ஒரு சதுரக் கரை. அதற்குள் ஒரு சதுரம், அதற்குள் கோணம் திருப்பி வைத்த இன்னொரு சதுரம். நட்ட நடுவில் ஒரு வட்டம், ஓனிக்ஸ் கல். அதைச் சுற்றி நாலு சின்ன வடிவங்கள். எல்லாவற்றையும் ஒரு கயிறு போல வளைந்து ஓடுகிற பட்டை இணைக்கிறது. எங்கே தொடங்கி விரல் வைத்தாலும் அந்தப் பட்டை உங்களை மறுபடியும் கொண்டுவந்து விடும். நாலு திசை, நாலு பருவம், நாலு பூதம் என்று அந்தக் காலத்து ஐரோப்பாவில் உலகத்துக்கு எண் நாலு. அது கரைச் சதுரத்தில் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் நாலு மூலையும் நூல் பிடித்தாற்போல் ஒன்றுக்கொன்று சமம். கிட்டே போனால் ஒன்று போல் ஒன்று இல்லை. உள்ளே நிரப்பிய சில்லு வடிவம் ஒவ்வொன்றிலும் வேறு.

முதலில் நான் நினைத்தது, கல் கிடைத்தபடி போட்டிருக்கிறார்கள் என்று. நாங்களும் சிப்ஸ் தீர்ந்தால் அடுத்த அறைக்கு வேறு கலர் போட்டிருக்கிறோம். ஆனால் நடுவட்டத்தைச் சுற்றியுள்ள நாலையும் எண்ணிப் பார்த்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. ஒன்று வட்டம். ஒன்று அறுகோணம். ஒன்று எண்கோணம். இன்னொன்று ஏழு கோணம். இரண்டு முறை எண்ணினேன். மகளையும் எண்ணச் சொன்னேன். ஏழுதான்.

இது ஏன் என்னை உலுக்கியது என்று தொழில்காரர்களுக்குப் புரியும். அறுகோணம் போடுவது எளிது. கவராயத்தில் வட்டம் போட்டு, விரித்த அளவை மாற்றாமல் சுற்றிக் குறித்துக்கொண்டே வந்தால் ஆறாவது குறி முதல் குறியில் வந்து உட்காரும். எண்கோணம் சதுரத்திலிருந்து பிறக்கும். ஏழு அப்படி வராது. கவராயமும் அளவில்லாத மட்டக்கோலும் மட்டும் வைத்துக்கொண்டு ஏழு சம பக்கத்தைத் துல்லியமாகப் போடவே முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் கணித முறைப்படியே அதை நிரூபித்துவிட்டார்கள். அலங்காரம்தான் வேண்டும் என்றால் யாரும் ஏழைத் தொட மாட்டார்கள். அஞ்சு போதும், பத்து போதும். ஏழைப் போட்டிருக்கிறார் என்றால் ஏழு வேண்டும் என்று போட்டிருக்கிறார்.

எதற்கு? என் வாசிப்பைச் சொல்கிறேன். பைபிளில் கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார். ஆறைப் பற்றிப் பழைய கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் எழுதியிருக்கிறார், 1, 2, 3 என்று அதன் வகுத்திகளைக் கூட்டினால் ஆறே வரும், அதனால் அது நிறைவான எண் என்று. ஏழாம் நாள் ஓய்வு. கோள்களும் அன்றைக்கு ஏழு, ஞானஸ்நானம் போன்ற திருவருட்சாதனங்களும் ஏழு. எட்டு என்பது வாரம் முடிந்து வருகிற புது நாள், உயிர்ப்பின் எண். பழைய ஞானஸ்நான மண்டபங்களை எட்டு பக்கமாகக் கட்டியது அதனால்தான். வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆறு, ஏழு, எட்டு, பிறகு வட்டம். படைப்பு, ஓய்வு, மறுபிறப்பு, நித்தியம். நாலு கல்வெட்டு எழுதாமல் நாலு கோணத்தில் சொல்லிவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எழுத்தும் இருந்தது. பித்தளையில் வெட்டிய லத்தீன் எழுத்துகளைக் கல்லில் பதித்திருந்தார்கள். இன்றைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிச்சம். பள்ளம் மட்டும் தெரிகிற இடங்களும் உண்டு. நல்லவேளையாக 15-ஆம் நூற்றாண்டில் அதே மடத்துத் துறவி ஜான் ஃபிளீட் முழு வாசகத்தையும் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஆண்டைச் சொல்லும் விதமே தனி. ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டோடு அறுபதைக் கூட்டு, நாலைக் கழி. 1268. வாசிக்க வருகிறவனைக் கணக்குப் போட வைத்துத்தான் உள்ளே விடுகிறது.

அடுத்த கணக்கு இன்னும் பெரிது. இந்தத் தரையில் உள்ளதை எல்லாம் நிதானமாக எண்ணிப் பார்த்தால் உலகத்தின் முடிவு எப்போது என்று தெரியும் என்கிறது வாசகம். வேலி மூன்று வருடம் நிற்கும். அடுத்தடுத்து வருவது முன்னதைப் போல் மும்மடங்கு. நாய்க்கு 9, குதிரைக்கு 27, மனிதனுக்கு 81. கலைமானுக்கு 243, அண்டங்காக்கைக்கு 729, கழுகுக்கு 2,187, திமிங்கலத்துக்கு 6,561. கடைசியில் உலகத்துக்கு 19,683. மூன்றை ஒன்பது முறை எழுதிப் பெருக்கினால் வருகிற எண். கணக்கு ஒரு முள்வேலியில் தொடங்குவது எனக்கு ரொம்பப் பிடித்தது. தோட்டத்து வேலி, வாசல் நாய், லாயத்துக் குதிரை, அப்புறம் வீட்டு மனிதன். அங்கிருந்து காடு, வானம், கடல், உலகம். அப்பா 78 வயதில் போனார். மூன்று வருடம் பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தை யோசித்தால் இந்த எண்ணுக்கு வேறு ஒரு கனமும் வருகிறது. கலாப்ரியாவைச் சேர்ந்த யோவாக்கிம் என்ற துறவியின் கணக்கை நம்பியவர்கள் 1260-இல் பழைய யுகம் முடிந்துவிடும் என்று காத்திருந்தார்கள். அந்த வருடம் இத்தாலியில் கூட்டம் கூட்டமாக மக்கள் தங்களைத் தாங்களே சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எட்டு வருடம் கழித்து அதே நாட்டிலிருந்து வந்த கைகள் இங்கே தரையில் எழுதுகின்றன, உலகத்துக்கு ஆயுசு 19,683 வருடம் என்று. அன்றைய நம்பிக்கைப்படி உலகம் பிறந்து ஆறாயிரம், ஏழாயிரம் வருடம் ஆகியிருக்கலாம். பாக்கி நிறைய. பயந்தவர்களுக்கு நடுவே இது ஆறுதலான தரை.

நடுவட்டத்தைச் சுற்றி இன்னொரு வரி: இந்த உருண்டை பேரண்டத்தின் மூல வடிவத்தைக் காட்டுகிறது என்று. மற்ற இடமெல்லாம் சில்லு சில்லாக வெட்டி ஒட்டியிருக்க, இது மட்டும் ஒரே கல், இயற்கையாகவே நிறங்கள் கலந்து ஓடுகிற கல். மனிதன் வெட்டிச் சேர்த்தது சுற்றிலும், வெட்டாமல் விட்டது நடுவில். முடிசூடும் ராஜாவை அங்கே உட்கார வைக்கிறார்கள் என்றால், உலகத்துக்கு நடுவில் உட்கார வைக்கிறோம் என்பது ஒரு பொருள். உன் காலுக்குக் கீழே உலகத்தின் முடிவும் கணக்காக இருக்கிறது என்பது இன்னொரு பொருள்.

கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கருஞ்சிவப்புப் போர்ஃபிரி எகிப்தில், நைல் நதிக்கும் செங்கடலுக்கும் நடுவே பாலைவன மலையில் ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது. ரோமப் பேரரசர்களுக்கு உரிய கல். அவர்கள் ஆட்சி சரிந்ததும் குவாரியும் மூடிவிட்டது. பச்சைக் கல் கிரேக்கத்தில், ஸ்பார்ட்டாவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் புதுக்கல் கிடையாது. ரோம் நகரத்து இடிபாடுகளில் விழுந்து கிடந்த தூண்களை எடுத்து, வாழைத்தண்டு நறுக்குவது போலக் குறுக்கே அறுத்தார்கள். பல்லில்லாத இரும்புத் தகடு, மணல், தண்ணீர், பொறுமை. கோஸ்மாட்டித் தரைகளில் இத்தனை வட்டங்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு தூணிலிருந்து அறுத்தால் வட்டம்தான் வரும். ரோமில் பழைய செயின்ட் பீட்டர் ஆலயத்தில் ஒரு பெரிய போர்ஃபிரி வட்டம் இருந்தது. பேரரசர்கள் முடிசூடும்போது அதன் மேல் மண்டியிட்டார்கள். இப்போதும் புது ஆலயத்தின் வாசலுக்குப் பக்கத்தில் அதைப் பதித்து வைத்திருக்கிறார்கள். இறந்துபோன பேரரசின் தூண்கள் தரையாகப் படுத்திருக்க, அதன் மேல் அடுத்த ராஜா. இத்தாலியில் இந்த வட்டங்களைச் சுற்றி வெள்ளை மார்பிள் ஓடும். இங்கே உள்ளூர் பர்பெக் சாம்பல் கலரில் ஓடுகிறது. அதனால் முழுத் தரையும் இருண்டு, கண்ணாடித் துண்டுகள் மட்டும் மினுக்குகின்றன. எனக்கு இந்த இருட்டே பிடித்திருந்தது.

வழிகாட்டி வாசகத்தின் முதல் பகுதியை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார். மகள் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றாம் ஹென்றி மன்னர், ரோம் நகரம், ஒடோரிகுஸ், மடாதிபதி, இவர்கள் சேர்ந்து இந்தப் போர்ஃபிரிக் கற்களை ஒன்று கூட்டினார்கள்.

"ஒடோரிகுஸ் யாரும்மா?" என்று கேட்டேன்.

"தரை போட்டவர்ப்பா."

மறுபடியும் சொல்லச் சொன்னேன். ராஜா, நகரம், மேஸ்திரி, மடாதிபதி. மடாதிபதிக்கு முன்னால் மேஸ்திரி. பித்தளையில்.

நான் எத்தனையோ வீட்டுக்குத் தரை போட்டிருக்கிறேன். கல்யாண மண்டபங்கள், இரண்டு பள்ளிக்கூடம், ஒரு சர்ச் கூட. வாசல் கல்லில் கட்டியவர் பெயரும் திறந்து வைத்தவர் பெயரும் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்த்ததும் இல்லை. அங்கே நின்றபோது கண் கலங்கியது, அதை மறைக்கத் தோன்றவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்லைக் கொண்டுவந்த ரிச்சர்ட் வேர் 1283-இல் இறந்தார். தரையின் வடக்குப் பக்கத்தில், இதே கற்களுக்குக் கீழே அடக்கம் செய்தார்கள். ரோமிலிருந்து தான் சுமந்து வந்த கற்களை இப்போது இங்கே அவரே சுமந்து கிடக்கிறார் என்று கல்லறைக்கு எழுதினார்களாம். அவர் மேல் கால் படாமல் சுற்றிப் போனேன். அந்த ஓரிடத்தில் மட்டும் என்னால் மிதிக்க முடியவில்லை.

இந்தத் தரை நூறு வருடத்துக்கு மேல் பெரும்பாலும் கம்பளத்துக்கு அடியில் கிடந்தது. நடுநடுவே பழுது பார்த்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் காலத்தில் செய்த பகுதி, என் கண்ணுக்கு, மற்றதைவிட நேராக, மற்றதைவிட உயிர் குறைந்து தெரிந்தது. 2008-இல் ஆரம்பித்து இரண்டு வருடம் ஒவ்வொரு சில்லாகச் சுத்தம் செய்து, ஆடுவதை ஒட்டி, 2010-இல் திறந்தார்கள். பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதைவிட இது பத்து மடங்கு கஷ்டம். அந்தக் கைகளுக்கும் என் வணக்கம்.

இரண்டு நாள் கழித்து மகள் நேஷனல் கேலரிக்குக் கூட்டிப் போனாள். 1533-இல் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த பெரிய ஓவியம் ஒன்று அங்கே இருக்கிறது, இரண்டு பிரெஞ்சுத் தூதர்கள் நிற்கிற படம். கீழே குறுக்காக இழுத்து வரைந்த ஒரு மண்டையோடு. நேராகப் பார்த்தால் கறை மாதிரி இருக்கும், ஓரத்தில் போய் நின்று பார்த்தால் மண்டையோடாகத் திரளும். எல்லாரும் ஓரத்துக்குப் போய் நின்று தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து படத்தில் தூதர்களின் கால் பக்கம் பார்த்தேன். நம் தரை! அதே வளைபட்டை, அதே வட்டங்கள். ஆனால் நடுவில் ஹோல்பைன் ஆறு முனை நட்சத்திரம் ஒன்றை வைத்துவிட்டார். படைப்பு நாள் ஆறு என்று எண்ணினாரோ என்னவோ. அந்த ஓவியத்தில் கருவிகள், பூகோள உருண்டை, புத்தகம், வீணை மாதிரி ஒரு வாத்தியம் எல்லாம் இருக்கின்றன. அத்தனைக்கும் அடியில், உலகத்தின் ஆயுசைக் கணக்குப் போட்ட தரையை விரித்து, அதன் மேல் மண்டையோட்டைப் போட்டிருக்கிறார். அபே தரையைப் பார்த்துவிட்டு இந்தப் படத்தைப் பார்ப்பதுதான் சரியான வரிசை என்று எனக்குப் படுகிறது.

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பேத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தேன். ஏழு பக்கத்துக்குப் பழைய கொத்தனார்கள் வைத்திருந்த வழி ஒன்று உண்டு. வட்டத்துக்குள் சம முக்கோணம் போடு, அதன் பக்கத்தில் பாதியை எடு, அதுதான் ஏழு கோணத்தின் ஒரு பக்கம். கிரேக்கர் காலத்திலிருந்தே தெரிந்த வழி, கிட்டத்தட்ட சரியான வழி. கவராயத்தைப் பத்து சென்டிமீட்டர் விரித்து வட்டம் போட்டேன். பாதிப் பக்கத்தை எடுத்துக் குறித்துக்கொண்டே வந்தேன். ஏழாவது குறி முதல் குறிக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலாக முன்னால் நின்றுவிட்டது. காகிதத்தில் பென்சில் முனையை அழுத்தினால் மறைந்துவிடும். ஒரு மீட்டர் ஆரத்துக்குப் போட்டால் அதே இடைவெளி அரை அங்குலம் வரும். கல்லில் அரை அங்குலம் மறையாது. ஏழு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏழாவது பக்கத்தை மட்டும் நீட்டிவிட்டுச் சில்லில் ஒளித்து வைக்க வேண்டும்.

ஒடோரிகுஸ் இதில் எதைச் செய்தார் என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன், இப்போது அலமாரியில் ரசமட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மறுபடியும் அந்தத் தரையைத் திறந்து நடக்க விட்டால் சொல் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு பக்கத்தையும் காலால் ஒவ்வொன்றாக அளந்து பார்க்க வேண்டும்.